காவலாளியின் இருமல்

கேம் சவுண்ட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. துடைத்து வைத்தேன்

பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிய ஒரு கேமை இன்றைய கம்ப்யூட்டர்களுக்காக மறுபடி வெளியிடும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. கடலோரக் கோட்டைக்குள் ஒரு திருடன் நுழைகிறான். காவலாளிகள் கண்ணில் படாமல் போய்வர வேண்டும். சண்டைக்கு நின்றால் தொலைந்தான். இருட்டில் ஒதுங்கி நின்று காதைத் தீட்டிக்கொள்வதுதான் மொத்த ஆட்டமும். அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டதால் சந்தேகம் கேட்க ஆளில்லை.

சவுண்ட் முழுக்க என் பொறுப்பு. நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. வாக்கப்பட்டது இடுக்கி மலையில் சக்குபள்ளத்தில், வீட்டுக்காரர் முருகேசன் அங்கே ஏலக்காய்த் தோட்டத்தில் வாச்சர், காவல் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் நான் கொச்சி ஹாஸ்டலில், அவர் மலையில். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு பார்த்துக்கொள்வோம். இந்த ஒரு புராஜெக்ட்டைத்தான் வீட்டிலிருந்து செய்யலாம் என்று விட்டார்கள். எங்கள் டீம் லீடு ரமணி சார் பாலக்காட்டுக்காரர், கறாராகச் சொல்லிவிட்டார். "இது நன்னா வந்துடுத்துன்னா அங்கேயே இருந்துக்கோங்கோ செல்வி. சொதப்பினா மறுபடியும் கொச்சிதான், கேட்டேளா?"

ஜன்னலுக்கு வெளியே மத்தியானமே மூடுபனி ஏறிவிடும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கோட்டையின் காலடிச் சத்தம் காதுக்குள், வெள்ளையாய் ஒன்றுமில்லாத தோட்டம் கண்ணுக்குள். எது எந்த ஊர் என்று சில நேரம் எனக்கே குழம்பும். அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது.

ஃபைல்களில் ஒன்று இருமல். பெயர் கிடையாது, வெறும் நம்பர். காவலாளி திரும்புகிற நொடியில் 'கொக்' என்று கேட்கும். கரகரப்பு வேறு. ரமணி சாருக்குப் போட்டுக் காட்டினேன்.

"எந்தாக்கும் இது? ஆஸ்பத்திரி வார்டு மாதிரின்னா இருக்கு! எடுத்துக் களைஞ்சுடுங்கோ."

நானும் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டேன். கோட்டை பளிங்கு போல நிசப்தமாயிற்று. என்ன பெருமை எனக்கு!

2. அடி விழுந்தது

அந்தக் கேமைச் சின்ன வயதில் ஆடித்தீர்த்த பத்துப் பேரைத்தான் டெஸ்டர்களாக வைத்திருந்தோம். ஆடிப் பார்க்க முதல் பதிப்பு, எங்கள் பாஷையில் பில்ட், போனது, பத்துப் பேரும் காறித் துப்பாத குறை. படம் பிரமாதம், சத்தம் சுத்தம், ஆனால் இது எங்கள் கேம் இல்லை என்றார்கள். காவலாளிகள் அநியாயக்காரர்களாகிவிட்டார்கள், மூலை திரும்பினால் மூஞ்சிக்கு நேரே நிற்கிறார்கள் என்று ஒருத்தர் எழுதினார். என்ன குறைகிறது என்று மட்டும் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ரமணி சார் குரல் தாழ்ந்து போயிருந்தது. "இன்னும் ஒரே ஒரு பில்ட்டாக்கும் செல்வி. அதுவும் தோத்தா எனக்கு வேற வழியில்லை."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியைக் கட்டுவது போலவே ஒரு நினைப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு வீட்டுக்காரரைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். பனியில் மூன்றடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஈரச் சருகில் என் காலடிகூட எனக்குக் கேட்கவில்லை. கோட்டைக்குள்தான் நடக்கிறேனோ என்று இருந்தது.

எங்கேயோ ஓர் இருமல். நின்றேன். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து அவர் வளைவு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, சளி புடிச்சிருச்சுங்களா? கசாயம் வெக்கட்டுங்களா?"

அவருக்குச் சிரிப்பு. "சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வளைவு வந்தா இருமுவேன். எல்லா வாச்சரும் அப்படித்தான்."

"இருமுனா திருடன் ஓடிப்போயிருவானுங்களே!"

"ஓடட்டும். கள்ளனப் புடிக்கவா எனக்குச் சம்பளம்? காயி செடியில இருக்கணும், அம்புட்டுத்தான். மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துட்டா அவனுக்கும் வழி இல்ல, எனக்கும் வழி இல்ல."

டீயை அவர் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

3. ஒரு நொடி

ரமணி சார் போனை எடுத்ததும் கேட்டேன். "சார், அந்த இருமலுக்குப் பின்னால கோட்ல என்ன இருக்குதுங்க?"

தட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே. வெத்தா ஒரு எண்ணிக்கை. ஒண்ணுலேர்ந்து எண்ணிண்டே போறது, அப்பறம் காவலாளி திரும்பறான். எதுக்குன்னு தெரியலை."

"பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு அதை எண்ணி முடிக்க எவ்வளவு நேரமாகுமுங்க?"

"ஐயோ!" என்றார்.

அந்தக் காலத்து மெஷின் எண்ணி முடிக்க ஒரு நொடி. இன்றைய மெஷினுக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. இருமலும் திரும்பலும் ஒன்றாக விழுந்ததால் எங்களுக்கு அது குப்பையாகத் தெரிந்தது. இருமலுக்கும் திரும்பலுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு நொடி, ஆடுபவன் ஒதுங்கிக்கொள்ளக் காவலாளி கொடுத்த அவகாசம். இருமலைக் கரகரப்போடு அப்படியே திருப்பி வைத்தேன். எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு நொடி என்று சார் கோடில் எழுதினார். புது பில்ட்டை ஆடிவிட்டு, இதுதான் எங்கள் கேம் என்றார்கள் பத்துப் பேரும். கடைசிவரை இருமலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"அங்கேயே இருந்துக்கோங்கோ" என்றார் ரமணி சார்.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேலியாகத்தான் கேட்டேன், "ஏனுங்க, நீங்க எப்பவாச்சும் இருமாமப் போயிருக்கறீங்களா?"

"ஒரே ஒருக்கா." சட்டைக் கையை மேலே சுருட்டினார். தோளிலிருந்து முழங்கை வரை ஓடுகிற தழும்பு. முள்கம்பி கிழித்தது என்று நான் நம்பியிருந்தது. "அருவா. கள்ளன் பயந்துட்டான், பாவம். நீ கொச்சியில இருந்த. சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவ."

அன்று ஆஸ்பத்திரியிலிருந்துதான் போனில் பேசினாராம். தினமும் பேசுவது போலத்தான் பேசினார். நானும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன். சத்தத்தைக் கேட்டுப் பிழைப்பவள் நான், அவர் குரலில் அன்று எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எந்தச் சத்தத்தையும் அழிக்கும் முன் அது யாருக்காக வந்தது என்று விசாரியுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில். மறுநாள் காலை ரமணி சாருக்குப் போன் போட்டேன். அடுத்த கேம் எப்படி வந்தாலும் சரி, கொச்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.