முன்னால் நடந்த பயந்தாங்கொள்ளி

கொடைக்கானல் மலைக்குக் காட்டுவழியாக நடந்தே போவதென்று காரைக்குடியில் நண்பர்கள் கூடி முடிவு செய்தோம். கூட்டிப்போக மானகிரியிலிருந்து ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர் ஒருவர் வந்தார். தென்னைமரத்துக்குக் கோட்டு மாட்டியதுபோல நெட்டையான மனிதர். யார் எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் வேண்டாமென்று சொல்லமாட்டார். அதைச் சுமந்து ஊரணியை ஒரு சுற்று சுற்றிவரச் சொல்வார். பாதிச் சுற்றிலேயே என் பித்தளைக் கூஜாவையும் சீடை டின்னையும் கரையில் துறந்தேன். கடைசியாக இலவம்பஞ்சுத் தலையணையும் போயிற்று.

மூட்டை கிடக்கட்டும், என் கவலையெல்லாம் புலிதான். ஆனால் ஊரெல்லாம் பீற்றியாயிற்று; இனி நின்றுவிட்டால் கேலியிலேயே செத்துவிடுவேன். அதனால் இடது காலை நொண்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

"முழங்கால் பிடிச்சிருச்சு, ரேஞ்சரய்யா. நான் வரலை."

"நேத்து வலது காலையில்ல நொண்டுனீக, செட்டியாரே?"

மாட்டிக்கொண்டேன். "புலி வந்தா என்னங்க செய்யிறது?"

"பயந்தா நீங்க என்ன செய்வீக?"

"வாய் ஓயாமப் பேசுவேன்."

"அப்ப நீங்கதான் முன்னால நடக்கணும். பேச்சுச் சத்தம் கேட்டா மிருகம் ஒதுங்கிரும். மத்தவுக பயந்தா வாயடைச்சுப் போவாக. உங்கள விட்டுட்டு நான் காட்டுக்குள்ள போகமாட்டேன்."

அடிவாரத்தில் ஆரம்பித்த பேச்சை உச்சியில்தான் நிறுத்தினேன். புலியின் வால்கூடத் தெரியவில்லை. நடுவே ஒருமுறை தைரியமாகத் திரும்பிப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அவர் வந்துகொண்டிருந்தார், முதுகில் என் தலையணையோடு. ஊரணிக்கரையிலிருந்து அதை எப்போது எடுத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.