சாவி வைக்காத கோட்டை

வெள்ளிக்கிழமை மட்டும்தான் எனக்கு விடுமுறை. தோல் கிடங்கில் ஆறு நாள் நின்று ஓய்ந்த கால்களை நீட்டிக்கொண்டு, போன் கேமில் ஒரு கோட்டை கட்டினேன். ஆடுகிறவர்களே கட்டி, ஆடுகிறவர்களே விளையாடும் கேம் அது. 'நீ கட்டு, உலகம் விளையாடும்' என்று விளம்பரம். எங்கள் மலைக்கோட்டை மாதிரியே படி, பாறை, உச்சியில் ஒரு கதவு. திண்டுக்கல்காரன் ஆயிற்றே, கதவில் பெரிய பூட்டையும் தொங்கவிட்டேன்.

அந்த கேம் ஆடுகிறவர்களுக்கென்று இருந்த ஒரு குழுவில் சேர்ந்தேன். நீ எனக்கு ஹார்ட் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்பதுதான் அங்கே வழக்கம். நூறு ஹார்ட்டுக்கு மேல் விழுந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

"அம்புட்டு பேருமா விளையாண்டாக?" என்றாள் மனைவி.

"பின்னே?" என்றேன் எரிச்சலாக.

ஒருநாள் ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருவர் எழுதியிருந்தார்: "ஏனுங்க, உச்சிக்கு வந்துட்டேனுங்க. சாவிய எங்கீங்க வச்சிருக்கீங்க? ரெண்டு நாளாத் தேடுறேன்."

திறந்து பார்த்தேன். சாவியை நான் வைக்கவே இல்லை. அப்படியானால் ஹார்ட் போட்டவர்களில் அவரைத் தவிர ஒருவர்கூட அந்தக் கதவுவரை ஏறவில்லை.

மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லீங்க. நான் கட்டினதுக்கு ஹார்ட் போட்டிருந்தீங்க. முழுசா விளையாண்டிருப்பீங்க. அதான் எனக்கும் பாதியில விட மனசு வரலீங்க."

அவர் கட்டியதை நான் திறந்ததே இல்லை. அதை அவரிடம் இன்னும் சொல்லவுமில்லை.

உலகம் விளையாடும் என்றது பொய் என்று பல நாள் புலம்பியிருக்கிறேன். அந்த உலகத்தில் நானும் ஓர் ஆள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.