ஒரு சாண் முன்னால் வைத்த அச்சு

எங்கள் அண்ணன் ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு வயது பதினாறு. எனக்கு ஏழு. காரியம் முடிந்த மறுநாள் தன் பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு உர மூட்டை தூக்கப் போனார்.

பிறகு லாரி. மலைமேல் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றி, தாப்பா வழியாக அடிவாரத்துக்கு இறங்குவார். முப்பது வருடம். அளவுக்கு மேல் ஒரு கூடை ஏற்ற விடமாட்டார். முதலாளிகள் திட்டுவார்கள். பள்ளத்தில் விழுந்த லாரிகளிலிருந்து மூன்று பேரை அவரே இறங்கித் தூக்கி வந்திருக்கிறார். அதை வீட்டில் பேசமாட்டார். அன்றைக்கு பிரேக்கை இரண்டு தடவை பார்ப்பார். அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டபின் லாரியை விட்டார். அண்ணி கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை லுமுட்டில் கடலைப் பார்த்தவர். அண்ணியோடு இரண்டு நாள் கடலோரம் தங்கவேண்டும் என்று ஒரே ஓர் ஆசை அண்ணனுக்கு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய், உள்ளேயே படுத்துக்கொள்ளும் டிரெய்லர் ஒன்றை நாமே கட்டலாம் என்றார்.

அவர் மகள் அதற்கான வரைபடத்தை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து தாள். அண்ணன் நனையாமல் பிளாஸ்டிக் போட்டு வைத்தார். நான் தோட்டத்துப் பட்டறையில் இரும்பு ஒட்டுகிறவன். தாளைப் பார்த்து வேலை செய்தது கிடையாது.

"கண்ணால பாத்தா போதும்ண்ணே. எத்தன வண்டி கட்டியிருக்கேன்."

"நீ கட்டுனதெல்லாம் டிராக்டர் பின்னால ஊர்ந்து போறதுடா. இது மலைய எறங்கணும். தாள்ல என்ன இருக்கோ அதான்."

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு அண்ணன் அளவைப் படிப்பார். நான் வெட்டுவேன். அடிச்சட்டம் முழுவதும் அப்படித்தான் செய்தோம். கடைசியாக அச்சு. சக்கரம் மாட்டும் அந்த அச்சு நடுவில் இருக்கக்கூடாது, பின்னால் தள்ளி இருக்கவேண்டும், கனம் முன்பக்கம் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது ஆடும் என்று தாளில் இருந்தது. அப்படியே ஒட்டினேன்.

வாசலில் வண்டியைத் திருப்ப அண்ணன் முன்பக்கத்தைத் தூக்கினார். முடியவில்லை. மறுபடி தூக்கினார். கை நழுவியது. உள்ளே போய்விட்டார். மூட்டை தூக்கி என்னை வளர்த்த கை அது.

மறுநாள் அவர் இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் அச்சை அறுத்து ஒரு சாண் முன்னால் ஒட்டினேன். மேலே கறுப்புச் சாயம் அடித்தேன்.

சாயங்காலம் வந்து ஒற்றைக் கையால் தூக்கினார்.

"என்னடா, நாந்தான் எளைச்சேன்னு பாத்தா வண்டியும் எளைச்சிருச்சா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கஷ்டப்பட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்.

"தாள்ல உள்ள மாதிரிதானடா?"

"ஆமாண்ணே."

"அளந்தியா?"

"அளந்தேன்."

"சரி" என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டியை அவர் தொடவில்லை. இரண்டு மாதம் கழித்து, கடைசிப் படுக்கையிலும் ஒரு தடவை கேட்டார், "அளந்தியாடா?" என்று. அளந்தேன் என்றேன்.

மகள் மேலே பலகை அடித்துக் கூடு கட்டினாள். வருடத் திதி முடிந்ததும் தன் அம்மாவைக் கடலுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு. போன வாரம் மெத்தை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றி, அண்ணியையும் காரில் உட்கார வைத்து, தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். நான் பட்டறை வளைவில் நின்றேன். இறக்கம் வந்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆடியது. ஆட ஆட அகலமாக ஆடியது. காரையும் சேர்த்து இழுத்தது. நின்றபோது டிரெய்லரின் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில் இருந்தது.

"சித்தப்பா, பின்னால யாரோ புடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். "அவருதான். கூட வராரு. கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாருல்ல."

நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "கொஞ்சம் மெதுவா போனா ஒண்ணும் ஆவாதுலா" என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. தாப்பா இறக்கத்தில் எத்தனை வளைவு என்று அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அண்ணி, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் அண்ணனின் திதிக்குப் போடும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். ஆட்டியது அண்ணன் இல்லை. நான்.

மகளிடம் நேற்றுச் சொன்னேன். அவள் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தாள். அண்ணனின் ஐந்து தாளையும் எடுத்து வந்தாள். அவள் அளவு பிடித்தாள், நான் அறுத்தேன். தாளில் உள்ள இடத்தில் ஒட்டினேன். மறுபடி அவளே அளந்து பார்த்தாள்.

வாரம் மூன்று நாள் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன பக்கத்து லயத்தாருக்கும், ஊசி போட்ட தாதிகளுக்கும், காரியத்துக்குச் சமைத்துக் கொடுத்த பெண்களுக்கும், பழம் வைத்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடலுக்குப் புறப்படும் அன்று காலை யாராவது வாசலுக்கு வந்து ஒரு கை கொடுங்கள். முன்பக்கம் இப்போது கனமாக இருக்கிறது. என் ஒருவனால் தூக்க முடியவில்லை.