கண்ணை மூடிச் சொன்ன எண்கள்

ஆய்வகத்தில் சோதனையைச் செய்யாமலே ரீடிங் எழுதுகிற பிள்ளைகளை நான் பார்த்தவுடன் பிடித்துவிடுவேன். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கும், இல்லையென்றால் விடையை முதலில் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து ரீடிங்கை வரவழைத்திருக்கும். பள்ளத்தூரில் பதினான்கு வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எந்தப் பிள்ளைக்கும் நான் பாவம் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் அதைச் செய்தேன். அதுவும் கூடப்பிறந்த தம்பியின் காரில்.

என் வீட்டுக்காரருக்குக் காரைக்குடி பைபாஸ் ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பிரேக், கிளட்ச் வேலையெல்லாம் செய்வார்தான், ஆனால் மனிதருக்கு உயிர் டர்போவில். இன்ஜின் தள்ளுகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கிற சாமான் அது. உள்ளே காற்று கூடினால் இழுவை கூடும். காரோடு வந்ததைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டித் தரச்சொல்லி மதுரையிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். மாட்டியதைச் சோதித்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிற பழைய விமான ஓடுதளத்துக்குப் போவோம். ஆடுகளும் கார் பழகுகிறவர்களும் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

போவோம் என்றேனே, நானும்தான். காரிலேயே இருக்கிற சென்சார் காற்றின் அழுத்தத்தை ஒன்றரை ‘பார்’ அளவு வரைக்கும்தான் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் ஒன்றரை என்றே சாதிக்கும். அதனால் இவர் ஒரு ரப்பர் குழாயை உள்ளே இழுத்து, முள் வைத்த மீட்டர் ஒன்றை டேஷ்போர்டில் ஒட்டிவைப்பார். ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்க வேண்டும், முள்ளைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று இவர் கத்துவார், முள் எங்கே நிற்கிறது என்று நான் பதில் சொல்ல வேண்டும். ஒன்று புள்ளி ஆறைத் தாண்டினால் நான் ‘போதும்’ என்பேன், இவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். நான் சொல்லத் தவறினால் பிஸ்டன் போய்விடும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும். மூன்று வருடமாக ஒவ்வொரு தடவையும் பயம்தான், வெளியே சொன்னதில்லை.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரு மாத லீவில் வந்தபோது, தன் பிள்ளைக்கு வாங்கிய துணிகளுக்கு நடுவே சுற்றி ஒரு பெரிய டர்போவைக் கொண்டுவந்தான். பழையதுதான், ஆனால் பந்தயக் காரில் இருந்ததாம். அவனுடைய டீசல் காரில் அதைத்தான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இவர் அதைவிடச் சின்னது ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார்.

"மாப்ள, இது ஒன் இன்ஜினுக்குப் பெரிசு. முழிக்கவே நேரமாகும். பஸ்ஸை ஓவர்டேக் பண்ண அமுக்குவ, தூங்கிக்கிட்டுக் கெடக்கும். எதுக்க லாரி வாறப்ப முழிச்சு முதுகுல உதைக்கும்."

அவன் கேட்கவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டு இலையில்கூட இதே பேச்சுதான். கடைசியில், இரண்டையும் மாட்டிப் பார்ப்போம், எண்கள் சொல்லட்டும் என்று முடிவானது.

முதல் ஞாயிறு சின்ன டர்போ. இரண்டாயிரம் சுற்றில் ஒன்று புள்ளி ஒன்று, அப்புறம் ஒன்று புள்ளி நான்கு, பிறகு ஒன்றரையிலேயே நின்றுவிட்டது. சமர்த்துப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. இவர் நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கும் அந்த எண்கள் மனதில் பதிந்துவிட்டன. வாத்தியார் புத்தி.

அடுத்த ஞாயிறு பெரியது. மறுநாள் விடிகாலை தம்பி பெண்டாட்டியையும் எட்டு மாதப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அதே காரில் கோயம்புத்தூர் மாமனார் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தது. ஓடுதளத்தில் இவர் சீட் பெல்ட்டைப் போடும்போதே சொல்லிவிட்டார்: இது மெதுவாக முழிக்கிற சாமான், அதனால் கோடியில் இருக்கிற பனைமரங்களுக்குக் கொஞ்சம் கிட்டப் போய்த்தான் நிற்போம், பயப்படாதே. பயப்படாதே என்றால் யாருக்குப் பயம் போயிருக்கிறது? ஒரு வாரமாக ‘உதைக்கும், உதைக்கும்’ என்று வேறு கேட்டிருந்தேன். கார் கிளம்பியதும் பனைமரங்களைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

‘ரெண்டாயிரம்’ என்றார். என் வாய் ஒன்று புள்ளி ஒன்று என்றது. ‘ரெண்டாயிரத்து ஐநூறு’ என்றார். ஒன்று புள்ளி நான்கு என்றேன். போன வாரத்துப் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மூவாயிரத்துக்கு மேல் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல முதுகு சீட்டோடு ஒட்டியது. அப்போதும் கண்ணைத் திறக்காமல் ஒன்றரை என்றேன், மறுபடியும் ஒன்றரை என்றேன்.

கார் நின்ற பிறகு இவர் நான் சொன்ன எண்களை நோட்டில் குறித்தார்.

"எனக்கு என்னமோ லேட்டாத்தான் இழுத்த மாதிரி இருந்துச்சு. ஆனா நீ நம்பர் சொன்னியே. மனசு பொய் சொல்லும், முள்ளு சொல்லாது."

அப்போதே சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் சாப்பிடும்போது தம்பியிடம் இவர், நான் தோற்றுவிட்டேன், பெரியதே இருக்கட்டும் என்றார். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இனிமேல் சிங்கப்பூரிலிருந்து உங்களுக்கு டியூஷன் எடுக்கவா மச்சான் என்று கேலி செய்தான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஒங்க அக்கா சொன்ன நம்பர், அதுக்கு மேல பேச்சில்லை என்றார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது.

பாத்திரம் கழுவும்போது எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். இன்ஜின் ஒன்றும் உடையவில்லையே? ஒருவேளை உண்மையிலேயே ஒன்றரையிலேயே நின்றிருந்தால்? மீட்டரில் கோளாறு போலத் தெரிந்தது, இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று சொன்னால் முடிந்ததே. அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்ததைத் தயார் பண்ணியிருக்கிறேன். பஸ்ஸுக்குப் பின்னால் தம்பி ஆக்ஸிலேட்டரை அமுக்குவதும், பின்சீட்டில் பிள்ளை தூங்குவதும் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தன. கையைக்கூடத் துடைக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

இவர் தம்பியின் காரைத்தான் கழுவிக்கொண்டிருந்தார், ஊருக்குப் போகிற வண்டி என்று.

"நான் முள்ளைப் பாக்கலைங்க. கண்ணை மூடிக்கிட்டேன். போன வாரத்து நம்பரைத்தான் சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடினார். ஈரக் காரிலேயே ஏறி உட்கார்ந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு" என்றார்.

ஓடுதளத்தில் ஆடுகள் நின்றன. அவை போகும்வரை காருக்குள்ளேயே காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு அந்த நாளிலேயே பெரிய தண்டனை. பிறகு கார் கிளம்பியது. பனைமரங்கள் வந்தால் வரட்டும் என்று முள்ளையே முறைத்துப் பார்த்தேன். இரண்டாயிரத்தில் வெறும் புள்ளி மூன்று. இரண்டாயிரத்து ஐநூறில் புள்ளி ஏழு. மூவாயிரம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முள் எகிறி ஒன்று புள்ளி ஆறைத் தாண்டி இரண்டைத் தொட்டது. ‘போதும்’ என்று கத்தினேன். காலை எடுத்தார். கார் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை.

கழற்றிப் பார்த்ததில், பெரிய டர்போவில் அதிகப் புகையைத் திருப்பிவிட வேண்டிய சின்னக் கதவு துருவேறி இறுகிக் கிடந்தது; அதனால்தான் அழுத்தம் நிற்காமல் ஏறியிருக்கிறது. சின்ன டர்போவையே திரும்ப மாட்டினார். தம்பி இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பினான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. அக்கா பேச்சை நம்பினதுக்கு நல்ல மரியாதை என்று மட்டும் சொன்னான். சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது.

அவர்கள் போன அன்று சாயங்காலம் இவர் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். இரண்டு ஞாயிறும் மேலும் கீழுமாக இருந்தன. நான்கு எண்களும் அச்சு அசல் ஒன்று.

"அன்னைக்கே பாத்தேன். ஒன்னைச் சந்தேகப்படத் தோணல."

பிறகு முன்பக்கங்களைப் புரட்டினார். மூன்று வருடத்துக் கார்கள், எல்லாம் என் வாயிலிருந்து வந்த எண்கள்.

"இது மட்டுந்தானா?"

ஆமாம் என்றேன். சத்தியமாக அது உண்மை. ஆனால் ‘மிஸ், இது மட்டுந்தான் மிஸ்’ என்று எந்தப் பிள்ளை சொன்னாலும், முழு நோட்டையும் கொண்டு வா என்று கேட்கிறவள் நான்.

அடுத்த ஞாயிறு விடிகாலை என்னை எழுப்பினார். தேவகோட்டைக்காரர் ஒருவருடைய கார். ஏறி உட்கார்ந்தால், மீட்டருக்கு நேராக ஒரு கிளிப்பில் அவருடைய போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. போனே பார்க்கும்போது நான் எதற்கு என்று தோன்றியது. அவர் சுற்றைச் சொல்லச் சொல்ல, கண்ணை அகலத் திறந்துகொண்டு எண்களைச் சொன்னேன். நின்ற பிறகு அவர் வீடியோவைப் போட்டு, நான் சொன்னதை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி முள்ளோடு ஒத்துப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் சரியாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். வீடியோவை அழிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.