முதுகைத் திருப்பி உட்கார்ந்தவள்

அந்த அலுமினியக் கிண்ணத்தின் அடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். தரையில் வைத்தால் சமமாக நிற்காது, தொட்டால் டக் டக்கென்று ஆடும். இப்போது அது சமையலறை வாசலில் பாலோடு கிடக்கிறது. என் மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்ட நாய்க்குட்டி, பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்ததோடு சரி, வெளியே வரவில்லை. "தனியா கீற, ஒரு துணையா இருக்கட்டும்மா. ஒத்துவரலன்னா ஞாயித்துக்கெழம வந்து தூக்கிகினு பூட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. மனிதர்களிடமே சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாதவள் நான். குனிந்து குனிந்து அதையே பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க அது இன்னும் உள்ளே நகர்கிறது.

கல்யாணமாகி படவேட்டிலிருந்து ஆரணிக்கு வந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் நிலமும் மாடும். இங்கே கூடம் முழுக்கத் தறி. அந்தச் சத்தத்தில் நான் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதே எனக்கு ஒரு நிம்மதி. புதுப்பெண்ணைப் பார்க்கத் தெருவே வரும். நான் சமையலறையில் மூலையைத் தேடிக்கொள்வேன். அங்கே வந்து, எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு வாசற்படியில் உட்காருவாள் என் நாத்தனார். வயதில் என்னைவிடப் பெரியவள், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். ராட்டையில் பட்டு நூல் சுற்றியபடி எதிர்ச் சுவரிடம் பேசுவாள். "களம்பூராண்ட லாரி கவுந்துச்சாம் அண்ணி. ரோடெல்லாம் நெல்லு. அந்த ஊரு கோழிங்களுக்கு இன்னைக்கு விருந்துதான்." பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். அவள் என்னை மதிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தச் சமயம் தெருவில் தாயை இழந்து கிடந்த ஒரு குட்டியை அவள் தூக்கிவந்தாள். பட்டில் நாய் மயிர் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் கத்தினார். தறிப் பக்கம் விடமாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாள். குட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது, எதையும் தின்னவில்லை. அதற்கும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒருநாள் காலையில் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தடவுவார்கள். எனக்கு அது தெரியாது. சமையலறையில் குண்டான் நிறைய உப்பில்லாக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அப்படி வைத்தால் அது மாட்டுக்கும் நாய்க்கும்தான். இந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டு, கூச்சத்தில் திரும்பி நின்றேன். பின்னால் டக் டக்கென்று சத்தம். குட்டி குடிக்கிறது! சந்தோஷத்தில் மறுபடியும் ஊற்றினேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.

"கஞ்சி எடுத்துகினு வாம்மா!" என்று மாமியார் தெருவிலிருந்து கூப்பிட்டார். வெறும் குண்டானோடு போய் நின்றேன். கையில் பிரஷ்ஷோடு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னாலேயே வாயெல்லாம் வெள்ளையாகக் குட்டி வந்தது. நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். "பாவு நாளைக்கு ஆவட்டும். எங்கண்ணி நாய்க்குட்டிக்கே கஞ்சி போட்டுட்டாங்க, இனிமே தறியில ஏத்த வேண்டியதுதான்!" தெருவே சிரித்தது. மாமியாரும் சிரித்துவிட்டார். என்னையறியாமல் நானும் சிரித்தேன். "பாருங்கடி, அண்ணிக்குப் பல்லு கீது!" என்றாள்.

வெகுநாள் கழித்து அவளிடம் கேட்டேன், ஏன் அப்படித் திரும்பி உட்கார்ந்தாய் என்று. ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள்: "நான் வாழப்போன வூட்ல எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாங்க அண்ணி. எப்ப அழுவேன், எப்ப சிரிப்பேன்னு. பேஜாரா பூட்ச்சு."

அவள் இப்போது இல்லை. என் கணவரும் இல்லை. எங்கள் தறி கொழுந்தன் வீட்டில் ஓடுகிறது. இங்கே அந்த இடம் காலியாக இருக்கிறது. அவள் சொன்னது நினைவுக்கு வந்ததும், பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நான் பேசி எத்தனை நாளாயிற்றோ, குரல் கரகரத்தது. "இன்னைக்கு கீரக்காரம்மா வரல" என்று சுவரிடம் சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு களம்பூர் லாரிக் கதையைச் சொன்னேன், அவள் சொன்ன மாதிரியே, கோழிகளோடு. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத்தான் யாருமில்லை. அடுத்து பாவுக் கஞ்சிக் கதையை ஆரம்பித்தேன்.

பாதிக் கதையில், பின்னால் டக் என்றது. அப்புறம் டக் டக். நான் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தேன்.