பல் டாக்டர் ஜெட்டைக் குடைந்த கதை

லெம்விக் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருபத்தாறு வருடமாகப் பல் வைத்தியம் பார்ப்பவர் ஆஸ்கெர் பிரான்ட்ஸ்ட்ரப். கை நடுங்காத மனிதர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர்மேல் அவருக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐம்பத்து நாலு வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியபோது, அதன் கார்புரேட்டரைத் தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று அறிவித்தார்.

"சின்னச் சின்ன ஓட்டைதானே மெரேதே? தினமும் நான் பண்ற வேலைதானே" என்றார் மனைவியிடம். கிளினிக்கில் அவருக்கு உதவியாளரும் மெரேதேதான்.

"பல்லுன்னா வலிச்சாச் சொல்லும். அது சொல்லாதே" என்றாள் மெரேதே.

எழுபத்திரண்டில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி அது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்றது. ஏப்ரலில் வெளியே எடுத்தபோது, சாலையில் நன்றாக ஓடியது, நிறுத்தினால் அணைந்தது. ஆக்சிலேட்டரை விட்டதும் இரண்டு இருமல், அவ்வளவுதான். பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட் என்கிற குட்டித் திருகாணியை அடைத்திருக்கிறது என்று வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதுவரை சரிதான்.

ஜெட்டைக் கழற்றிப் பார்த்தால் முடி நுழையும் அளவுக்குத்தான் துளை. அடுத்த பக்கத்தில் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்க்கும் பொறுமை அவருக்கில்லை. பல்லின் வேருக்குள் விட்டுச் சுரண்டும் எஃகு ஊசியைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தார். துளையில் விட்டுத் திருகினார். பிசின் வந்தது. அதோடு நிறுத்தாமல், ஒரு துளி மிச்சமிருக்கக் கூடாதென்று இன்னும் பத்துத் தரம் திருகினார். அன்று தன் விரல்களைத் தானே மெச்சிக்கொண்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

மறுநாளிலிருந்து வண்டி கறுப்புப் புகை விட்டது. பெட்ரோல் நாற்றம் தெரு முழுக்க. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. எஞ்சின் சூடானதும் முன்பைவிட மோசமாக அணைந்தது. ஆஸ்கெர் மூன்று பிளக் மாற்றினார். டேங்கைக் கழுவினார். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினார், வெளியே விட்டார். பெட்ரோல் பங்க்கைக் குறை சொன்னார். கடைசியில் கடல் காற்றின் ஈரத்தைக் குறை சொன்னார். 'நீங்க பார்த்ததுக்கு அப்புறம்தான் டாக்டர் வலிக்குது' என்று ஒரு நோயாளி வந்தால், முதலில் தன் கையைச் சந்தேகப்படுகிற மனிதர்தான். கொட்டகைக்குள் மட்டும் அந்தப் புத்தி எட்டிப் பார்க்கவில்லை.

ஜூனில் பழைய வண்டிக்காரர்கள் சங்கம் போவ்பியர் கலங்கரை விளக்கத்துக்குக் காபி குடிக்கப் போனது. ஆஸ்கெர்தான் முன்னால். ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா. பின்னால் வருபவர்களுக்காக நிற்க வேண்டும், நின்றால் அணைந்துவிடும். அதனால் அவர் ரவுண்டானாவையே சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. பின்னால் வந்த பதினோரு பேரும் இதுதான் வழி போலிருக்கிறது என்று அவர் பின்னாலேயே சுற்றினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பால் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏன்யா, இங்க என்ன தேர்த் திருவிழாவா? ஒருத்தனாவது வெளிய போங்கய்யா!"

அடுத்த புதன்கிழமை டாக்னி கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தாள். புல்வெட்டும் எந்திரங்களைப் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவள். ஆஸ்கெரோடு ஒரே வகுப்பில் படித்தவள். மரத்துப்போக ஊசி போட்டு, வாயைத் திறக்க வைத்து, ஆஸ்கெர் தன் கதையைத் தொடங்கினார். வாய் திறந்த நோயாளியைப் போல எதிர்த்துப் பேசாத ஆள் கிடைக்காது.

"ஜெட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கு டாக்னி. இதே மாதிரி ஊசியாலதான் நல்லாக் குடைஞ்சு எடுத்தேன்" என்று கையிலிருந்த வேர் சுரண்டும் ஊசியைக் காட்டினார்.

"ஆஆ! ஆஆஆ!" என்றாள் டாக்னி, கண்கள் பிதுங்க.

"வலிக்குதா? இரு, இன்னொண்ணு போட்டுடறேன்."

போட்டார். அவள் கையை ஆட்டினாள். மூன்றாவது ஊசிக்கு அவர் கை நீளும்போது மெரேதே பிடித்துக்கொண்டாள். "அவளுக்கு வலி இல்லப்பா. உன்னைத் திட்டுறா."

டாக்னி எழுந்து உட்கார்ந்தாள். பாதி வாய் இழுத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, "அஹ்ஹு ஹித்தளை... மக்கு!" என்றாள். புரியவில்லை என்று தெரிந்ததும் மேசையிலிருந்த மருந்துச் சீட்டைப் பிடுங்கி எழுதினாள்: 'அது பித்தளை. உன் ஊசி எஃகு. துளை பெருசாயிடுச்சு. பெட்ரோலைக் கொட்டுது. மக்கு.'

ஆஸ்கெர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். காது மடல் சூடானது. குண்டூசியால் பல் குத்தாதீர்கள் என்று ஊருக்கே புத்தி சொல்கிறவர், இரண்டு மாதமாகக் கடல் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமை டாக்னி புது ஜெட்டோடு வந்தாள். பழையதை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். துளை வட்டமாகக்கூட இல்லை. முட்டை வடிவில் இருந்தது.

"டேய், இதுல எறும்பு குடும்பத்தோட போகும்டா."

"சரி, சரி. இப்ப நான் என்ன செய்யணும்?"

"கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு."

நின்றார். அவள் புது ஜெட்டைப் போட்டாள். காற்று ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே விட்டாள். எஞ்சின் சூடாகும்வரை மெரேதே கொண்டுவந்த கறுப்பு ரை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டார்கள். பிறகு எஞ்சின் வேகமாகத் துடிக்கிற இடம் வரை ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். டுப்... டுப்... டுப். புகையில்லை, இருமலில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் ஆஸ்கெர். குரலில் லேசான ஏமாற்றம்.

"அவ்வளவுதான். முட்டாள்தனம் பண்ணத்தான் ரெண்டு மாசம் ஆகும்."

மறுவாரம் சங்கக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே, ஆஸ்கெர் எழுந்து நின்று முழுக்கதையையும் சொன்னார். மூன்றாவது ஊசியைச் சொன்னபோது சிரித்து உருண்டவர்களில் அவரும் ஒருவர்.

திங்கட்கிழமை பக்கத்து ஊரான ஹோல்ஸ்டெப்ரோவுக்குப் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றார். வண்டி அணையவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். அப்போதும் அணையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பானதை, பின்னாலிருந்து நாலு கார்கள் ஹாரன் அடித்த பிறகுதான் கவனித்தார்.