கிருஷ்ணப்பன் அடித்த முதல் அடி

கிருஷ்ணப்பனின் வலது கையில் மூன்று விரல்கள் இன்றைக்கும் மடங்காது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத்தான் சோற்றை அள்ளுவான். அந்தக் கையை உடைத்தது அவன் பிழைப்புக்கு வைத்திருந்த அதே இரும்புக் கம்பி.

அவன் என் அத்தை மகன் ஆறுமுகநயினாரின் இளைய பிள்ளை. நயினார் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். கிரேனில் தொங்கிய இரும்புச் சுருள் அறுந்து மேலே விழ, முகத்தைத் திறக்காமலே மயானத்துக்குக் கொண்டுபோனோம். பிள்ளைக்குத் தாய்வழித் தாத்தா பெயர். அவர் ஓசூர்ப் பக்கம், சட்டென்று அடிக்கக் கை ஓங்குகிற மனிதர். கோபமும் அந்த வழியில் வந்ததுதான் என்று நயினாரின் சம்சாரமே சொல்லுவாள். இருபது வயதில் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஒருவன் காதைக் கடித்துத் துப்பிவிட்டு வந்தவன் இவன். சிவந்தியைக் கட்டிய பிறகு கொஞ்சம் அடங்கினான்.

அவன் வேலை லாக்கு திறப்பது. டிரெய்லர் லாரியின் மேல் கன்டெய்னர் பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். நாலு மூலையிலும் நாலு லாக்கு இருப்பதால்தான் விழாமல் நிற்கிறது. துறைமுகத்துக்குள் கிரேனுக்கு அடியில் போய் நின்ற பிறகுதான் அந்த லாக்கைத் திறக்கவேண்டும். ஆனால் கடல் காற்றில் துருப்பிடித்த லாக்கு ஒரு நிமிஷத்தில் திறக்காது. உள்ளே நேரமானால் வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் இரண்டு நாள். அதனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் நிற்கும்போதே, கேட் கண்ணுக்குத் தெரிந்ததும், கிருஷ்ணப்பன் கம்பியோடு வருவான். நாலு மூலையையும் நெம்பித் திறந்துவிட்டு டிரைவர் கதவில் இரண்டு தட்டு. "தொறந்தாச்சு மாமு. நேரா போ, ஒடிக்காத." பதினொரு வருஷம் இப்படித்தான். ஒரு பெட்டியும் விழுந்ததில்லை.

போன வருஷம் ஆடியில் விழுந்தது.

வண்டி ஃப்ரெடியுடையது. ராயபுரத்துப் பையன், முப்பது வயதிருக்கும். கிருஷ்ணப்பனை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். சிவந்தி வைத்த மீன் குழம்பை எத்தனையோ நாள் லாரியில் உட்கார்ந்தே சாப்பிட்டவன். அன்று காலை பத்து மணிக்கு அவன் வண்டியில் நாலு லாக்கும் திறந்தாயிற்று. கிருஷ்ணப்பன் அடுத்த வண்டிக்குப் போனான். அப்போது மனோகரன் வந்தான். எந்த லாரி முன்னே போவது, எது பின்னே நிற்பது என்பதெல்லாம் அந்த வரிசையில் அவன் வாய்ச்சொல்.

"டேய் ஃப்ரெடி, வண்டிய திருப்பு. பின்னாடி கேட்டுக்கு போ. இங்க என் வண்டி ரெண்டு கீது."

"லாக்கு தொறந்துகீதுண்ணா. திருப்புனா சாஞ்சிரும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? திருப்புடா, இல்ல கண்ணாடி இருக்காது." சொல்லும்போதே கையிலிருந்த கட்டையால் பக்கத்துக் கண்ணாடியைச் சிதறடித்தான்.

ஃப்ரெடி திருப்பினான். கிருஷ்ணப்பன் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினான். பெட்டி முதலில் முனகியது, பிறகு ஒரு பக்கமாக எழுந்தது, பிறகு மொத்தமாகச் சாய்ந்தது. அடியில் ஒரு ஆட்டோ. ஓட்டியவன் வண்ணாரப்பேட்டை அமான், இருபத்தாறு வயது. ஆட்டோ முழங்கால் உயரத்துக்கு நசுங்கிவிட்டது. மஞ்சள் தகரத்துக்கு அடியிலிருந்து ரத்தமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடின.

கூட்டம் வந்துவிட்டது. யாரோ கேட்டார்கள், "லாக்கு தொறந்துகீதே, எவன்டா தொறந்தான்?" கிருஷ்ணப்பன் கையில் கம்பி. எல்லோர் கண்ணும் தன் மேல் திரும்புவதற்குள் அவன் கம்பியை லாரிக்கு அடியில் எறிந்தான். இறங்கி நின்ற ஃப்ரெடியின் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டான். முதல் அடி அவனுடையதுதான். அதன் பிறகு யாரையும் தூண்டிவிடத் தேவையில்லை. செங்கல், செருப்பு, சைக்கிள் செயின். போலீஸ் வந்து இழுக்கும்போது ஃப்ரெடிக்கு முன்பல் நாலு இல்லை, ஒரு காது கிழிந்து தொங்கியது. அந்த நிலையிலும் அவன் லாக்கு திறந்தது யார் என்று சொல்லவில்லை. ஸ்டேஷனிலும் சொல்லவில்லை. ஜாமீன் கிடைக்காத பிரிவில் போட்டுப் புழல் ஜெயிலில் அடைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து வட்டாரமே கொதித்தபோது கவுன்சிலர்கள் ஒரு சட்ட வரைவு தயாரித்தார்கள். துறைமுக லாரியைத் தொட மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லை, எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் கொண்டுவந்தால்தான் உண்டு. அதைப் பேச மண்டல ஆபீசில் ஒரு கூட்டம் வைத்து இரண்டு எம்.எல்.ஏ.க்களை அழைத்திருந்தார்கள். வரைவில் மூன்றாவது பிரிவு இப்படி: லாக்கு திறந்து ஓட்டினால் குற்றம் டிரைவர் ஒருவருடையதே, பத்து வருஷம் வரை ஜெயில்.

இதைக் கேட்டதும் ஃப்ரெடியின் சம்சாரம் ஜெமிமா கிருஷ்ணப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உன் பேர அவர் சொல்லலண்ணா. ரத்தம் ஊத்தும்போது கூட சொல்லல. நீ அந்த கூட்டத்துல போய் ஒரு வார்த்தை சொன்னா கண்டி அவர் தலை தப்பும். இல்ல, அந்த சட்டத்தை அவர் மேலயே எழுதிருவாங்க."

அவள் போனதும் சிவந்தி கிருஷ்ணப்பனைக் கேட்டாள். "அந்தாள் வாய்ல குத்துன கை இதானே? இந்த கையால இனிமே எனக்கு பூ வாங்கியாராத."

கூட்டத்தன்று காலை அவன் கிளம்பிப் போனான். மண்டல ஆபீசுக்குப் பின்னால் பைக் நிறுத்துகிற கொட்டகையில், அவன் வருவது எப்படியோ தெரிந்து, மனோகரனும் மூன்று பேரும் காத்திருந்தார்கள். மனோகரன் கையில் அந்தப் பழைய கம்பி. லாரிக்கு அடியிலிருந்து எடுத்து வைத்திருந்திருக்கிறான்.

"இன்னா நைனா, சட்டம் பேச வந்தியா?"

"வழி வுடு."

இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்து மண்டியிட வைத்தார்கள். ஒருவன் வலது கையைச் சிமெண்டுத் திட்டின் மேல் இழுத்து வைத்து அதன் மேல் காலால் நின்றான். மனோகரன் அவசரப்படவில்லை. "லாக்கு தொறக்குற கை. இத்தோட மூடிக்கலாம்" என்று சொல்லி மூன்று முறை இறக்கினான். எலும்பு உடைகிற சத்தம் தனக்கே கேட்டது என்று கிருஷ்ணப்பன் பிறகு சொன்னான். வாயில் துண்டைத் திணித்திருந்ததால் கத்தவும் முடியவில்லை. அவர்கள் போன பிறகு அதே துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு படியேறினான்.

மேலே நீள மேசை. ஒரு பக்கம் எம்.எல்.ஏ.க்கள், எதிரே மண்டலத் தலைவராக இருக்கிற அம்மாவும் கவுன்சிலர்களும். பார்வையாளர் வரிசையில் ஜெமிமாவும், அமானின் தாய் அஜீசுன்னிசாவும். லாரி சங்கத்துக்காரன் என்று சொல்லி மனோகரனும் முன் நாற்காலியில், படிய வாரிய தலையோடு. மாநகராட்சி இன்ஜினியர் மூன்றாவது பிரிவைப் படித்து முடித்தார்.

வயதான எம்.எல்.ஏ. கண்ணாடியைக் கழற்றினார். "டிரைவர் ஸ்டியரிங்ல உட்கார்ந்திருப்பான். பின்னால இருக்கிற லாக்கையும் அவனேவா இறங்கித் திறக்கிறான்?"

"வேற யாருங்க திறப்பாங்க?" என்றார் ஒரு கவுன்சிலர்.

"நானுங்க" என்றான் கிருஷ்ணப்பன், கதவருகில் நின்றபடி.

துண்டிலிருந்து ரத்தம் சொட்டியது. மேசை வரை நடந்து வந்தான். "அன்னிக்கு அந்த வண்டியில நாலு லாக்கும் தொறந்தது நான். பதினோரு வருசமா வரிசையில அதான் என் வேல. மாட்டிக்குவேன்னு பயந்து அவன் வாயில மொத குத்து குத்துனதும் நான்தான். அந்த புள்ள என் பேர சொல்லல."

அஜீசுன்னிசா எழுந்து வந்தார். சின்ன உருவம். அவன் கன்னத்தில் அறைந்தார், மறுபடியும் அறைந்தார், கை வலிக்கும் மட்டும் அறைந்தார். யாரும் தடுக்கவில்லை, அவனும் முகத்தைத் திருப்பவில்லை. மூச்சு வாங்க நின்றவர் கேட்டார்:

"வண்டி நேராத்தானே போவணும்? திருப்பச் சொன்னது யாரு?"

கிருஷ்ணப்பன் உடைந்த கையைத் தூக்கினான். காட்டுவதற்கு விரல் நீளவில்லை. துண்டோடு அப்படியே மனோகரன் பக்கம் நீட்டினான். "திருப்பச் சொன்னதும் இவன். இப்ப கீழ கைய ஒடச்சதும் இவன்."

மனோகரன் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். அது இன்ஜினியரின் நெற்றியைப் பிளந்தது. ஓடப் பார்த்தவனின் காலரைப் பிடித்து ஜெமிமா தொங்கினாள், அவன் அவளைச் சுவரில் மோதினான், அவள் விடவில்லை. எம்.எல்.ஏ.வின் பாதுகாப்புப் போலீஸ் அவன் முழங்காலில் லத்தியால் போட்டு விழவைத்தபோதும் அந்தக் காலர் அவள் கையில்தான் இருந்தது.

"மூணாவது பிரிவை அடிங்க" என்றார் வயதான எம்.எல்.ஏ. மண்டலத் தலைவர் அம்மா தன் பேனாவாலேயே 'டிரைவர் ஒருவருடையதே' என்பதை அடித்தார். திறந்தவன், திருப்பச் சொன்னவன், வரிசையை ரோட்டில் நிறுத்துகிற முதலாளி என்று மூன்று பேரை மேலே எழுதினார். வரைவின் ஓரத்தில் கிருஷ்ணப்பனின் ரத்தம் பட்டிருந்தது. வேறு தாளில் எழுதித்தான் மேலே அனுப்பினார்கள். அது இன்னும் சட்டசபைக்கு வரவில்லை. வரிசை இன்றைக்கும் நிற்கிறது, லாக்கும் வேறு யாரோ திறக்கிறார்கள்.

மனோகரனையும், கட்டுப்போட்ட கையோடு கிருஷ்ணப்பனையும் அன்றைக்கே வழக்கில் சேர்த்தார்கள். கிருஷ்ணப்பனின் வாக்குமூலத்தைக் காட்டி வக்கீல் கேட்டதில் ஃப்ரெடிக்கு முதலில் ஜாமீன் கிடைத்தது. இவனுக்கு நாலு மாதம் கழித்து.

இவன் வெளியே வந்த மூன்றாம் நாள் ஃப்ரெடி வீடு தேடி வந்தான். வாயில் பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது. கிருஷ்ணப்பன் வாசலுக்கு வந்து கையைத் தொங்கவிட்டு நின்றான். ஃப்ரெடி அவன் வாயிலேயே ஒன்று விட்டான். உதடு கிழிந்து, கிருஷ்ணப்பன் கதவில் சாய்ந்தான்.

"இது அந்த மொத அடிக்கு" என்றான் ஃப்ரெடி. "மீதி ஊரே அடிச்சது. அத்த உன்கிட்ட இன்னான்னு கேக்கறது?"

சிவந்தி உள்ளே இருந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். கிருஷ்ணப்பன் இடது கையால் அதை எடுத்து வாய் கொப்பளித்துத் துப்பினான். சொம்பை ஃப்ரெடியிடம் நீட்டினான். ஃப்ரெடி வாங்கிக் குடித்தான். பிறகு இரண்டு பேரும் அஜீசுன்னிசா வீட்டுக்குப் போகக் கிளம்பினார்கள். அந்தத் தெரு வரை போய்விட்டு, கதவைத் தட்டாமலே திரும்பி வந்தார்கள்.